கரிசல் காட்டில் ஒரு குட்டை

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் ஜில்லாக்களின் கரிசல் பிரதேசத்தில் மானாவாரி வெள்ளாமை செய்கிறவர்களுக்கு, மழை பெய்யாத வருஷத்தைக் காட்டிலும் அதிக மனவேதனை தருவது, பெய்த மழை வீணாய்ப் போன வருஷமே. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிய மழையில் உளுந்தும் பாசியும் கம்பும் செழித்தெழுந்து, மார்கழி பிறந்து பூவும் பிஞ்சுமாக நிற்கிற சமயத்தில் வானம் வெளுத்துவிட, இன்னும் ஒரே ஒரு நனைப்புக் கிடைத்தால் வீடு வந்து சேர்ந்துவிடும் என்றிருந்த மகசூல் கண்ணெதிரே சருகாவதை அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். அதே நிலத்தில் ஒரு மாதத்துக்கு முன்னால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகிவிடுமோ என்று அஞ்சி, வரப்பை வெட்டி ஓடையில் வடித்து விட்டவர்களும் அவர்களேதாம்.

தமிழ்நாட்டின் சராசரி வருஷ மழை ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. அந்த மூன்று மாதத்து மழையிலும் பெரும் பங்கு, புயலும் காற்றழுத்தத் தாழ்வும் வருகிற சில தினங்களிலேயே பெய்து ஓய்ந்துவிடுகிறது. இந்தச் சுபாவத்தை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதும், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கண்காணிக்கவென்றே ஒரு வாரியம் குறிக்கப்பட்டிருப்பதும் அந்த அறிவின் சான்றுகள். ஆனால் கண்மாய்த் தண்ணீர் கண்மாய்க்குக் கீழே உள்ள நஞ்சைக்குத்தான் பாயும். மேட்டிலே கிடக்கிற புஞ்சைக்காடு கண்மாய்க்குத் தண்ணீரை அனுப்புகிறதே தவிர, அதிலிருந்து ஒரு சொட்டும் திரும்பப் பெறுவதில்லை. அந்தக் காட்டுக்கு உரிய உபாயம், கார்த்திகைத் தண்ணீரில் ஒரு பங்கை மார்கழிவரை தன்னிடமே நிறுத்திக்கொள்வது. அதாவது, சொந்த நிலத்திலே ஒரு பண்ணைக் குட்டை.

இது எட்டாத ஆசை அன்று என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு பிரத்தியட்ச உதாரணம் இருக்கிறது. மாளவ பீடபூமியிலே, நம் கரிசலைப் போலவே கருமண் பூமியான தேவாஸ் என்ற ஜில்லாவில், ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டிபோட்டுக்கொண்டு இறக்கியதன் பலனாக நிலத்தடி நீர் அடியோடு வற்றிப்போய், 1990-ஆம் வருஷத்தில் தேவாஸ் பட்டணத்துக்கு ரயில் வண்டியிலே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க நேர்ந்தது. 2006-இல் அங்கே கலெக்டராக இருந்த உமாகாந்த் உம்ராவ் என்பவர், நிலம் அதிகமாக உள்ள விவசாயிகளை முதலில் அணுகி, தங்கள் பூமியில் பத்தில் ஒரு பங்கைக் குளத்துக்கு ஒதுக்கும்படி வற்புறுத்தினார். ஒதுக்கியவர்களுக்குப் ‘பாகீரத கிருஷகர்’ என்ற கௌரவமும், அவர்கள் வெட்டிய குளங்களுக்கு நர்மதையின் மற்றொரு பெயரைத் தாங்கிய ‘ரேவா சாகர்’ என்ற நாமமும் கிடைத்தன. சில வருஷங்களுக்குள் அந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான குளங்கள் எழுந்து, பருவமழைக்குப் பிறகு தரிசாய்க் கிடந்த நிலங்களில் கோதுமையும் கடலையும் விளைந்தன. நிலத்தில் ஒரு பாகத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பது நஷ்டம் என்று எண்ணித் தயங்குகிற நம் சிறு விவசாயிகள், தேவாஸின் கதையை ஒருமுறையாவது கேட்டறிய வேண்டும்.

இருந்தாலும், குட்டை வெட்டிப் பயன் காணாதவர்களும் உண்டு. ஜேசிபி இயந்திரத்தை வரவழைத்து, காலியாகக் கிடந்த ஒரு மூலையைக் காட்டி, இரண்டே தினத்தில் பள்ளம் எடுத்து முடித்துவிட்டு, மழைக்காலம் முழுவதும் அந்தப் பள்ளத்தின் அடியில் கணுக்கால் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் காணாமல் மனம் சலித்தவர்களைப் பல ஊர்களிலும் காணலாம். அவர்களுடைய பிரயாசையில் குறை இல்லை. வேலையின் வரிசையிலேதான் குறை. குட்டை வெட்டுகிற காரியத்தில் வெட்டு என்பது கடைசியான, மிகச் சுலபமான வேலை. அதற்கு முன்பு செய்ய வேண்டியவை கண்ணாலும் கையாலும் செய்ய வேண்டியவை, செலவில்லாதவை, அவற்றுக்குப் பொறுமை ஒன்றே முதல்.

முதலாவது, மழையில் நிலத்தைப் பார்ப்பது. வெயில் காலத்தில் சமதரையாகத் தோன்றுகிற நிலம், பலத்த மழை அரைமணி நேரம் பெய்ததும் தன் உண்மையான சரிவைக் காட்டிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து நீர் நுழைகிறது, எந்த வரப்பில் முட்டித் திரும்புகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது, எங்கே தெளிந்து நிற்கிறது, கடைசியில் எந்த இடத்தில் நிலத்தை விட்டு வெளியேறுகிறது என்பவற்றைக் குடையும் கையுமாகக் கூடவே நடந்து பார்த்து, வழி நெடுகக் குச்சி ஊன்றிவைக்க வேண்டும். மழை நின்றபின், கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீரை நிரப்பிக் குச்சிக்குக் குச்சி உயரத்தை ஒப்பிட்டால், நிலத்தின் சரிவு இத்தனை அடிக்கு இத்தனை அங்குலம் என்பது தெரிந்துவிடும். நீர் வெளியேறுகிற மூலைக்குச் சற்று மேலே, ஓடையின் போக்கிலிருந்து விலகிய இடமே பெரும்பாலும் குட்டைக்கு உத்தமமான ஸ்தலம். ஓடையை மறித்து அதன் நடுவிலே வெட்டினால் முதல் வெள்ளத்திலேயே கரையும் போகும், வண்டலும் மூடும்.

ஓடையை மறிப்பதில் தர்ம நியாயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. தன் நிலத்தின் மேற்பரப்பில், குறிப்பிட்ட வாய்க்கால் வழியாக அல்லாமல் பரவலாக வருகிற நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்து உபயோகிக்கும் உரிமை நிலச் சொந்தக்காரனுக்கு உண்டு என்பதை 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால் அப்படிப்பட்டதன்று. அது ஊருக்குச் சொந்தம். மேட்டுக்காட்டில் ஒவ்வொருவரும் வரத்துக்காலில் கை வைத்தால் கீழே ஊர்க் கண்மாய் வறண்டு, நஞ்சையோடு ஊர்க் கிணறுகளும் வற்றும். குட்டை வெட்டுகிறவர் தம் காட்டில் விழுந்த மழையை மட்டுமே தேக்கிக்கொண்டு, நிறைந்தபின் மீதியைப் பழைய வழியிலேயே விட்டுவிடுவது சட்டத்துக்கும் பொருந்தும், அயலாரின் சௌஜன்யத்துக்கும் பங்கம் வராது.

இரண்டாவது, மண்ணைப் பார்ப்பது. உத்தேசித்த இடத்தில் இரண்டு மூன்று சோதனைக் குழிகளை, குட்டையின் ஆழத்துக்குமேல் இன்னும் இரண்டு அடி இருக்கும்படியாக வெட்டிப் பார்க்க வேண்டும். கரிசல் காட்டில் அப்படி ஒரு குழிக்குள் இறங்கிப் பார்த்தால், மேலே கறுத்து வெடித்த மண்ணும், அதன்கீழ் கையில் எடுத்தால் வெண்ணெய் போல வழவழக்கும் களியும், இன்னும் கீழே களியினூடே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு முடிச்சுகளும் தெரியும். அந்த முடிச்சுகள் நெருங்கி ஒரு படுகையாகிவிட்டால் அதற்குச் சுக்கான் என்று பெயர். களியை நனைத்து உள்ளங்கையில் திரட்டி, கட்டைவிரலால் நசுக்கி நாடாவாக நீட்டினால், அறுந்துவிடாமல் இரண்டு மூன்று அங்குலம் தொங்குமாயின் அந்த மண் தண்ணீரைத் தாங்கும். உருண்டையே பிடிக்க முடியாமல் உதிருமானால் அது மணல். அதில் குட்டை நிற்காது. குழியில் மாலையில் நீரை நிரப்பி, ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, எத்தனை அங்குலம் குறைகிறது என்று அளந்து பார்ப்பதைவிட நம்பகமான பரீட்சை வேறில்லை.

சுக்கான் படுகை அபாயமானது. அதன் இடுக்குகளின் வழியே நீர் ஓசையின்றி இறங்கிப்போய்விடும். ஆழம் அதிகமானால் தண்ணீரும் அதிகம் என்று எண்ணிக் களியைத் தாண்டிச் சுக்கானுக்குள் வெட்டிவிடுவதுதான் கரிசல் பிரதேசத்தில் குட்டைகள் ஒழுகுவதற்கு முக்கியமான காரணம். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, கரையிலே நின்ற முதியவர் ஒருவர் இயந்திரம் ஓட்டிய இளைஞனைப் பார்த்து, “தம்பி, வெள்ளை கண்டா நிறுத்திப்புடு. அதுக்குமேல ஒரு கை மண்ணு எடுக்கக் கூடாது” என்று சொல்ல, அவன் “சரி அண்ணாச்சி” என்று வாளியை மேலே தூக்கிவிட்டு இறங்கிவந்து அடித்தரையை அவரோடு சேர்ந்து தடவிப் பார்த்தான். ஆறடி ஆழம் என்று பேசி வந்த வேலை அந்த மூலையில் நாலரை அடியோடு நின்றது. அந்தக் கிழவர் அறிந்திருந்தது, பாடப் புத்தகங்களிலும் இருக்கவேண்டிய விஷயம்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் நிலைமை வேறு. அங்கே குட்டை நீரைப் பிடித்துவைக்காது, பூமிக்குள் இறக்கிவிடும். அதனால் அது வீண் என்று கருதவேண்டியதில்லை. கிணற்றுக்கு மேற்புறத்தில் அத்தகைய குட்டை ஒன்று அமைந்தால் கிணற்றின் ஊற்றுப் பெருகும். நிறுத்திவைப்பதா, ஊறவிடுவதா என்பதை மண்ணைப் பார்த்து முன்கூட்டியே தீர்மானம் செய்துகொள்வதே முக்கியம். கசிகிற மண்ணிலும் நிறுத்தித்தான் ஆகவேண்டுமென்றால், கண்மாய்க் கரம்பையை அரையடிக் கனத்துக்குப் பரப்பி, நனைத்து, மாடுகளையோ ஆட்டுக் கிடையையோ விட்டு மிதிக்கச் செய்வது நம்முடைய பழைய வழக்கம். தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவது புதிய வழி. விரிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். மகாராஷ்டிர மாநிலத்தில் அரசின் உதவியோடு விரிப்புப் போட்ட பெரிய குட்டைகள் ஏராளமாக எழுந்தன. அவற்றில் பலவற்றை மழை நிரப்பவில்லை. சொந்தக்காரர்கள் மோட்டார் போட்டு நிலத்தடி நீரை மேலே இறைத்து நிரப்பினார்கள். பூமிக்கடியில் வெயில் படாமல் இருந்த நீரை வெட்டவெளியில் கொண்டுவந்து ஆவியாக்குவது, அண்டை வீட்டாரின் கிணற்றைச் சேர்த்து வற்றச் செய்கிற காரியம். அதைப் பண்ணைக் குட்டை என்று அழைப்பதே தகாது.

மூன்றாவது, கணக்கு. ஐந்து ஏக்கர் காடு உள்ளவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேல்மட்டத்தில் 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சாய்வு என்று வெட்டினால் அடித்தரை 24 மீட்டர் சதுரமாக அமையும். கொள்ளளவு ஏறக்குறைய 14½ லட்சம் லிட்டர். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற நீர் 40,000 லிட்டர். ஐந்து ஏக்கரிலும் 5 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் கால் பங்கு ஓடிவருவதாக வைத்துக்கொண்டால், குட்டைக்கு 2½ லட்சம் லிட்டர் சேரும். அத்தகைய மழை ஆறு பெய்தால் குட்டை நிறையும். நிறைந்த குட்டையிலிருந்து தினம் 5 மில்லிமீட்டர் வீதம் ஆவியாகுமானால் நாளொன்றுக்கு 4,500 லிட்டர், ஒரு மாதத்தில் 1¼ லட்சத்துக்கு மேல் போய்விடும், கசிவு இதற்குமேல். அப்படியும், ஐந்து ஏக்கருக்கும் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு முறை பாய்ச்சத் தேவையான 10 லட்சம் லிட்டர் மார்கழியில் மிச்சமிருக்கும். சம்சாரிகள் உயிர்த்தண்ணீர் என்று சொல்லுகிற அந்த ஒரு நனைப்புக்காக ஒதுக்கப்படுகிற நிலம் 22 சென்ட்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை அநேகர் மறந்துவிடுகிறார்கள். வெட்டிய மண் எங்கே போவது? அத்தனை மண்ணையும் நாலு பக்கமும் கரையாகக் குவித்தால், 22 சென்ட் குட்டை அரை ஏக்கரை விழுங்கிவிடும். ஆகவே மேல்மண் ஓரடியைத் தனியாக எடுத்து வயலில் பரப்பிவிட்டு, அடிக்களியைக் கொண்டே கரை போடவேண்டும். அப்போதும் மிஞ்சுவதைப் பள்ளமான மூலைகளை மேடாக்க உபயோகிக்கலாம். விற்பதற்கு நினைத்தால் கனிமவள விதிகளின்படி அனுமதி பெறவேண்டி வரும். கரையைப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி எழுப்பாமல் ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு, முக்கால் அடி முக்கால் அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசு போட்டு இறுக்கினால்தான் அது கரை. இல்லையேல் அடுத்த மழையில் கரைந்து குட்டைக்குள்ளேயே வந்துவிடும் மண் குவியல். மேட்டுப் பக்கத்தில் கரையே கூடாது. நாலு பக்கமும் அழகாகக் கரை எழுப்பி, நீர் உள்ளே வரவேண்டிய வாசலையே அடைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

நீர் நுழைகிற இடத்திலே, குட்டைக்கு வெளியே, இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வண்டல் குழி ஒன்று அவசியம். கலங்கல் அதிலே சற்று நின்று, மண்ணைக் கீழே விட்டு, பிறகு கல் பரப்பிய சரிவு வழியாகக் குட்டைக்குள் இறங்கவேண்டும். எதிர்ப்புறத்தில் மிகுநீர் வெளியேறக் கலிங்கு. கலிங்கின் மட்டம் கரையின் உச்சிக்கு ஒன்றரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சிறு குட்டைக்குக் கலிங்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, அதாவது அந்த ஜில்லாவின் ஒரு வருஷத்து மழைக்கும் அதிகமாக, கொட்டித் தீர்த்தது. தாமிரபரணிக் கரையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எத்தனையோ குளங்கள் உடைந்தன. அத்தகைய மழை எந்தக் கலிங்குக்கும் கட்டுப்படாது என்பது மெய்தான். ஆனாலும் வருஷந்தோறும் வருகிற சாதாரணப் பெருமழைக்கே உடைகிற கரைகள், பெரும்பாலும் கலிங்கு இல்லாத கரைகளே.

கரைமேல் வெட்டிவேரும் அறுகும் படரட்டும், மரம் வேண்டாம். மரத்தின் வேர் பட்டுப்போன பின்பு அது இருந்த துவாரம் கசிவுக்கு வழியாகும். நண்டு வளைக்கும் எலி வளைக்கும் அதே குணம் உண்டு. கண்டவுடன் களியால் அடைக்க வேண்டும். காற்றைத் தடுக்க விரும்புகிறவர்கள் பூவரசையும் நொச்சியையும் கரைக்கு வெளியே சில அடி தள்ளி வைக்கலாம். நாலைந்து அடி நீர் ஆறேழு மாதம் நிற்கிற குட்டைகளில் கட்லா, ரோகு முதலிய மீன்களை விடுகிறார்கள், நல்லதுதான். மானாவாரிக் குட்டைக்கு அது பிரதானமாக இருக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மீனுக்காக நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, பூத்து நிற்கிற பயிருக்கு விடத் தயங்குகிற நிலை வந்தால் குட்டை வெட்டிய நோக்கமே கெட்டுவிடும்.

ஒரு காரியத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஆறடி ஆழமுள்ள நீர்நிலை, அதிலும் களி வழுக்குகிற சரிவோடு கூடியது, குழந்தைகளுக்கும் கன்று காலிகளுக்கும் பெரிய அபாயம். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையில் நீந்தத் தெரிந்தவனும் கரையேற முடியாது. பாசி பிடித்த விரிப்பில் காலும் நிற்காது, கையும் பிடிக்காது. ஒரு பக்கத்தை மனிதர் ஏறி இறங்கும்படி நன்றாகச் சாய்த்துவிடுவதும், முடிச்சுப் போட்ட வடக்கயிற்றை நாலு பக்கமும் கட்டித் தொங்கவிடுவதும், சுற்றிலும் கிளுவை வேலியோ முள்கம்பியோ அமைப்பதும் குட்டையின் செலவிலேயே சேர்த்துக் கணக்கிடவேண்டியவை. பள்ளிக்கூட விடுமுறை நாளில் தனியே கிடக்கிற குட்டையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு விடை தெரியாதவர்கள் வேலி போட்டு முடிக்கும்வரை நீரைத் தேக்கவேண்டாம்.

இவ்வளவும் சொன்னபின் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெட்டுக்கு ஏற்றவை வைகாசியும் ஆனியும். நிலமும் காலி, களியும் காய்ந்திருக்கும், இயந்திரமும் புதையாது. வேளாண்மைப் பொறியியல் துறையார் மண்வெட்டும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறார்கள். குட்டைக்கான உதவித் திட்டங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், நடப்பு விவரத்தை உங்கள் வட்டாரத்து அலுவலகத்தில் நேரிலே கேட்டறிவது நலம். ஆனால் இந்த ஐப்பசியில் உங்கள் நிலத்தில் தண்ணீர் ஓடுகிற வழியை நீங்கள் மழையில் நின்று பார்க்கவில்லையென்றால், உதவித்தொகை கிடைக்கிறது என்பதற்காக அவசரப்படவேண்டாம். ஒரு பருவத்தைப் பார்ப்பதற்கென்றே விட்டுவிடுங்கள். சோதனைக் குழியைத் தையில் வெட்டுங்கள். வைகாசியில் இயந்திரத்தை இறக்குங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் கரையும் கலிங்கும் முடிந்துவிட வேண்டும். முடியாது என்று தோன்றினால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். பாதிக் கரையோடு பருவமழையை எதிர்கொள்கிற குட்டை நிலைக்காது.